சாவி கொடுப்பதற்கு முன்

சிவமயம்

பள்ளத்தூர்

அன்பு மகன் சோமுவுக்கு ஆத்தா எழுதுவது. இங்கு நானும் அப்பச்சியும் நலம். அங்கு நீயும் வள்ளியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

"இணையத்தில் புதிதாக வருவதையெல்லாம் இறக்கிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், கைபேசியோடு வந்தது போதாதா?" என்று சென்ற வாரம் கேட்டாய். தொலைபேசியில் பதில் சொன்னால் அது வாக்குவாதத்தில்தான் முடியும் என்பதால் அப்போது பேச்சை மாற்றிவிட்டேன். ஊரில் எத்தனை பேர் ஏமாந்து பணத்தை விட்டிருக்கிறார்கள் என்பதை நானும் அறிவேன். ஆகவே உன் அச்சத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால், கைபேசியோடு வந்தது என்பதனாலேயே ஒன்று நமக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று நீ நினைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஆப்பிளின் சஃபாரி உலாவியில் தன் தேடுபொறியே முதலில் இருக்க வேண்டும் என்பதற்காகக் கூகுள் 2022ஆம் ஆண்டில் மட்டும் 2000 கோடி டாலர் கொடுத்தது என்ற விவரம் அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. உள்ளே இருப்பது எது என்பதை யாரோ பணம் கொடுத்துத் தீர்மானித்திருக்கும்போது, அதை மாற்றிப் பார்ப்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

எனக்கு மாற்றிப் பார்க்க வேண்டிய தேவையும் இருக்கிறது. உன் தாத்தாவான ஐயா பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்துப் பேரேடுகளையும் கடிதங்களையும் தட்டச்சுச் செய்து, பங்காளிகள் எல்லாரும் படிக்கும்படி வைக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். அந்தப் பக்கங்களில் ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என்று குறிகள் வரிக்கு வரி வருகின்றன. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் கொடுக்கும் ஒருங்குறியில் (யூனிகோடு) இவற்றுக்கு 2003ஆம் ஆண்டிலேயே இடம் கிடைத்துவிட்டது. அரைக்கால், மாகாணி, முந்திரி போன்ற பின்னங்களுக்கு உரிய குறிகளோ 2019ஆம் ஆண்டில்தான் சேர்க்கப்பட்டன. ஆகவே அவற்றைக் காட்டும் எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கட்டங்களே தெரிகின்றன. வணிகர்களின் கணக்கில் பின்னம் போய்விட்டால் மிஞ்சுவது என்ன என்று நீயே சொல்.

அதனால், எந்தப் புதிய கருவியானாலும் அதன் நிறுவனத்தார் காட்டும் மாதிரிப் பக்கத்தை நான் பார்ப்பதே இல்லை. அந்தப் பக்கம் ஆங்கிலத்தில் அழகாகத்தான் ஓடும். என்னிடம் ஒரு சோதனைத் தாள் இருக்கிறது. அதைத்தான் முதலில் உள்ளே போடுகிறேன். முதல் வரியில் மேலே சொன்ன குறிகள் எல்லாம் இருக்கின்றன. இரண்டாம் வரியில், கடல் கடந்து வணிகம் செய்யப் போனவர்களை நாம் சொல்லும் "கொண்டுவிற்கப் போனவர்கள்" என்ற தொடரை இருமுறை எழுதியிருக்கிறேன். 'கொ' என்பதில் வரும் துணைக்குறியை ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகப் பதிந்தும் சேர்க்கலாம்; கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஒருங்குறி விதிப்படி இரண்டையும் ஒன்றாகவே கொள்ளவும் வேண்டும். ஆனால் அக்கறையில்லாமல் செய்யப்பட்ட செயலியில் அந்தச் சொல்லைத் தேடினால் ஒன்றைக் காட்டிவிட்டு மற்றொன்றை விட்டுவிடும். ஐந்நூறு பக்கக் கணக்கில் ஒரு பெயரைத் தேடி, அது இல்லை என்று நம்பிவிடுவதைவிடப் பெரிய கெடுதல் எதுவும் இல்லை. மூன்றாவதாகச் சில பெயர்களை அகர வரிசைப்படுத்தச் சொல்கிறேன். வள்ளியம்மை முதலிலும் வளர்மதி பிறகும் வந்தால் அந்த நிறுவனத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் இருந்திருக்கிறார் என்று பொருள். வளர்மதி முன்னால் வந்தால், புள்ளி வைத்த எழுத்து முதலில் வரும் என்பதை அறியாமல் கணினியின் உள் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். நான் பள்ளியில் தமிழ் நடத்தியவள் என்பதால் இதைப் பெரிதுபடுத்துகிறேன் என்று அப்பச்சி சொல்லுகிறார்கள். இருக்கலாம்.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துத் தரும் சேவைகளுக்கு வேறு தாள் வைத்திருக்கிறேன். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான ஒரு திருமணப் பத்திரிகையில் ணா, றா, னா ஆகியவையும், ணை, லை, ளை, னை ஆகியவையும் பழைய வடிவத்திலேயே இருக்கின்றன. புதிய அச்சைத் தவறில்லாமல் படித்துவிடும் சேவை, இந்தப் பத்திரிகையில் 'அண்ணாமலை' என்ற பெயரைக் கண்டதும் தடுமாறிவிடுகிறது. ஐயாவின் கையெழுத்தை எந்தச் சேவையும் இன்னும் ஒழுங்காகப் படிக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை, நமக்கே முதலில் புரியாத கையெழுத்துத்தானே அது.

உலாவிகளைப் பற்றித்தான் நீ அதிகம் கேலி செய்தாய். மாதத்துக்கு ஓர் உலாவி என்று நீ சொன்னது மிகை. ஆனாலும் அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்ததில் நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. பெயர்கள் பலவாக இருந்தாலும், பக்கத்தை வாங்கித் திரையில் வரையும் உள் இயந்திரங்கள் மிகச் சிலவே. குரோம், பிரேவ், விவால்டி, 2020 முதல் மைக்ரோசாஃப்டின் எட்ஜ், நம் ஜோஹோ நிறுவனம் 2023இல் கொண்டுவந்த உலா ஆகிய எல்லாமே கூகுளின் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தின்மேல் கட்டப்பட்டவை. ஃபயர்பாக்ஸும் சஃபாரியும்தான் தனித்தனி இயந்திரங்களைக் கொண்டிருக்கின்றன. வள்ளியின் ஐபோனில் குரோமைப் போட்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் இயந்திரமே. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஜப்பானுக்கும் வெளியே ஆப்பிள் வேறொன்றை அனுமதிப்பதில்லை. ஆகவே என் குறிகள் சரியாகத் தெரிகின்றனவா என்று பார்க்க இந்த மூன்று வகையிலும் ஒவ்வொன்று போதும். பிரேவும் விவால்டியும் உலாவும் தங்களுக்குள் வேறுபடுவது விளம்பரத் தடுப்பிலும், நம்மைப் பின்தொடரும் நிரல்களை எவ்வளவு தூரம் மறிக்கின்றன என்பதிலும், வேலைக்கும் வீட்டுக்கும் தனித்தனி அறை பிரித்துக்கொள்ளும் வசதியிலும்தான். அந்த வேறுபாடுகளும் சிறியவை அல்ல. ஒரே நிறுவனத்தின் இயந்திரம் எல்லா இடத்திலும் பரவிவிட்டால், இணையம் எப்படி இருக்க வேண்டும் என்று அது ஒன்றே முடிவு செய்துவிடும் என்பதற்காகத்தான் ஃபயர்பாக்ஸை நான் எப்போதும் ஒரு பக்கமாக வைத்திருக்கிறேன்.

நம் வீட்டுச் சுவரும் ஒரு சோதனை வைக்கிறது. முகப்பில் இருக்கும் வைஃபை பட்டாலையைத் தாண்டி இரண்டாங்கட்டுக்கு வரும்போதே மூச்சுவிட முடியாமல் நின்றுவிடுகிறது. பேரேடுகள் இருக்கும் அறை அதற்கும் பின்னால் இருப்பதால், இணைப்பு அறுந்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும் சேவை எனக்குப் பயன்படாது. தட்டச்சுச் செய்துகொண்டிருக்கும்போதே இணைப்பை வேண்டுமென்றே துண்டித்துவிட்டு, தொடர்ந்து எழுதி, பிறகு முகப்புக்கு வந்து இணைத்துப் பார்ப்பேன். எழுதியது அப்படியே போய்ச் சேர்ந்தால் சரி. அப்போதுதான் மேற்கொண்டு பார்ப்பேன்.

உள்ளே போட்டதை வெளியே எடுக்க முடியுமா என்பதையும் முதல் நாளிலேயே பார்த்துவிடுகிறேன். நீ சிங்கப்பூருக்குப் போன புதிதில் நாம் பேசிக்கொண்ட ஸ்கைப் 2025 மே 5ஆம் நாளோடு மூடப்பட்டது. படித்ததைச் சேமித்து வைக்க உன் ஆச்சி பயன்படுத்திய பாக்கெட் அதே ஆண்டு ஜூலையில் போனது. கூகுள் ரீடர் 2013இலும், ஆர்குட் 2014இலும், கூகுள் பிளஸ் 2019இலும், யாகூ குழுமங்கள் 2020இலும் மறைந்தன. இவற்றை நடத்தியவர்கள் எல்லாரும் பெரிய கைகள்; ஆகவே பெரிய நிறுவனம் என்பதைப் பார்த்து நம்பிவிட முடியாது. வெளியே எடுத்தால் எளிய உரையாகவோ, எந்த விரிதாளிலும் திறக்கக்கூடிய அட்டவணையாகவோ வர வேண்டும். தன் செயலியில் மட்டுமே திறக்கும் வடிவத்தில் தருவது எனக்குத் தருவதாகாது. ஒருங்குறி பரவுவதற்கு முன் புழங்கிய திஸ்கி என்ற எழுத்துக் குறியாக்கத்தில் மலேசியாவிலிருந்து பெரிய அண்ணன் அனுப்பிய மின்னஞ்சல்களை ஒருங்குறிக்கு மாற்றப் பட்ட பாடு எனக்கு மறக்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகள் தொடாமல் விடப்பட்ட கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியிருக்கிறது. அப்பச்சியின் பழைய கணக்கில்தான் உன் திருமணப் படங்கள் இருக்கின்றன; அதை அவ்வப்போது திறந்து வைப்பது நான்தான்.

பாதுகாப்பைப் பற்றி நீ கேட்டதற்கு வருகிறேன். நம் கடைகளில் புதிதாகப் போன பையனுக்கு எடுத்த எடுப்பில் இரும்புப் பெட்டிச் சாவியைக் கொடுத்ததில்லை. பெட்டியடிப் பையனாக இருந்து, அடுத்தாளாகி, பிறகுதான் மேலாள். மேலாளான பிறகும் கடையின் கணக்கு முழுவதையும் காட்டும் ஐந்தொகை ஊருக்கு வந்து சேர வேண்டும். நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். புதிய சேவைக்குத் தனி மின்னஞ்சல் கொடுக்கிறேன். அதில் வங்கியும் இல்லை, உங்கள் முகவரிகளும் இல்லை. தொடர்புப் பட்டியலையும் இருப்பிடத்தையும் கேட்டால் மறுத்துவிடுகிறேன். மறுத்தபின் ஓடாத செயலியை அன்றைக்கே நீக்கிவிடுகிறேன். உலாவியில் சேர்க்கும் நீட்சிகளிடம்தான் எனக்கு மிகுந்த எச்சரிக்கை. 'எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' என்று அனுமதி கேட்பவை பல. இன்று நல்லவர் கையில் இருக்கும் நீட்சி நாளை வேறொருவருக்கு விற்கப்படலாம்: தி கிரேட் சஸ்பெண்டர் என்ற புகழ்பெற்ற நீட்சி 2020இல் கைமாறி, அதில் தீய நிரல் இருப்பதாகக் கண்டு 2021இல் கூகுள் அதை நீக்கியது. அதனால் வங்கி வேலைக்கு நீட்சி எதுவுமே இல்லாத தனி உலாவியை வைத்திருக்கிறேன். அதில் வேறு எந்தப் பக்கத்தையும் திறப்பதில்லை.

முதல் மாதம் இலவசம் என்று அட்டை எண் கேட்பவர்களை நான் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகிறேன். இங்கே ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்திய விதியால், தானாகப் பிடிக்கும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வந்துவிடுகிறது, நாம் நிறுத்தவும் முடிகிறது. அந்தத் தகவலைப் படிக்காமல் தள்ளிவிடுகிறவர்களுக்கு விதி இருந்து பயனில்லை.

கேட்டால் பதில் சொல்லும் செயற்கை அறிவுச் சேவைகளையும் விட்டுவைக்கவில்லை. அவற்றிடம் தெரியாததைக் கேட்பதற்கு முன், எனக்கு நன்றாகத் தெரிந்ததைக் கேட்கிறேன். நகரத்தாரின் ஒன்பது கோயில்களைச் சொல் என்றேன். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர் என்று ஒழுங்காகத் தொடங்கிய ஒரு சேவை, பட்டியலில் உள்ள நேமத்தை விட்டுவிட்டு, அதில் இல்லாத குன்றக்குடியைச் சேர்த்து, சற்றும் தயங்காமல் ஒன்பதை நிரப்பியது. கடிதங்களின் சுருக்கம் எழுதவும் தேதிகளை வரிசைப்படுத்தவும் அதை வைத்துக்கொள்ளலாம். ஐயா யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதை அதன் வாயிலிருந்து கேட்க மாட்டேன்.

இப்போது உனக்கு ஒரு வேலை. முன்னோருக்குப் படைக்கும் படைப்பு வீட்டின் புள்ளிக் கணக்கை, அதாவது குடும்பங்களின் பட்டியலையும் இந்தப் பேரேட்டு நகலோடு சேர்த்து ஒரே சேவையில் வைத்துவிடலாம் என்று பங்காளிகளில் இளையவர்கள் கேட்கிறார்கள். புள்ளிக் கணக்கில் எல்லாருடைய பிறந்த நாளும் தொலைபேசி எண்ணும் இருப்பதால் அதைத் தனியாகக் கடவுச்சொல் போட்டு வைக்கலாம் என்றும், பேரேட்டை மட்டும் பொதுவில் வைக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறேன். பேரேட்டின் முதல் பகுதியை உனக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். உன் அலுவலகக் கணினியில் ஒரு முறையும், வீட்டில் ஃபயர்பாக்ஸை நிறுவி ஒரு முறையும், வள்ளியின் கைபேசியில் ஒரு முறையும் திறந்து பார்க்க வேண்டும். மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியில் மாகாணிக் குறி இருக்கிறது. அது எங்கே கட்டமாகத் தெரிகிறதோ அந்தத் திரையைப் படம் எடுத்து, உலாவியின் பதிப்பு எண்ணோடு அனுப்பு. தை பிறப்பதற்குள் வந்தால் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்களிடம் காட்டி முடிவு செய்துவிடலாம்.

இப்படிக்கு,
ஆத்தா