டெக்னர் வளைவும் உன் கேள்வியும்

கோயம்புத்தூர்,
ஞாயிறு மாலை.

அன்பு மகளுக்கு,

ஆகுஸ்டுஸ்பூர்க் கோட்டைக் காட்சிச்சாலையிலிருந்து நீ அனுப்பிய படங்களை நேற்று இரவு வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எம்இசட் என்ற கிழக்கு ஜெர்மன் நிறுவனத்தின் அந்தச் சின்னப் பந்தய மோட்டார்சைக்கிளின் முன் நின்றபோது, உன்னுடன் வந்த அந்த ஊர்த் தோழி “இதை ஓட்டியவன் ஒரு துரோகி, என் தாத்தா அவன் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்” என்று சொன்னதாகவும், அது உண்மையா என்றும் கேட்டிருந்தாய். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் கைப்பேசியை எடுத்தேன், முடியவில்லை. அதனால் இந்தக் கடிதம்.

எர்ன்ஸ்ட் டெக்னர் என்ற பெயர் உனக்குப் புதிதல்ல. பள்ளி நாட்களில் நீயும் நானும் காலையில் எழுந்து ஜப்பானின் சுசுகா பார்முலா ஒன் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்போமே, அதில் வர்ணனையாளர்கள் மேம்பாலத்துக்கு அடியில் நுழைவதற்கு முன் வரும் இரண்டு வலப்பக்கத் திருப்பங்களை டெக்னர் ஒன்று, டெக்னர் இரண்டு என்று சொல்வார்கள். அந்த டெக்னர்தான் இவர். சுசுகா என்பது ஹோண்டா நிறுவனம் கட்டிய பந்தயப் பாதை. அதில் ஒரு வளைவு, ஹோண்டாவுக்கு எதிராகச் சுசுகி வண்டி ஓட்டிய ஒருவரின் பெயரால் வழங்குகிறது. அதுவும் அவர் வென்றதற்காக வைத்த பெயர் இல்லை. 1962இல் அங்கே நடந்த முதல் பந்தயத்தில் அந்த இடத்தில் அவர் வண்டியோடு விழுந்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் லாரி கவிழ்ந்த திருப்பத்துக்குப் பெயர் வருவதைப் போலத்தான்.

அவர் பிறந்தது 1931இல், கிளைவிட்ஸ் என்ற ஊரில். அன்று ஜெர்மனி, இன்று போலந்து. போர் முடியும் தறுவாயில் ஊரைவிட்டு மேற்கு நோக்கி ஓடிவந்த லட்சக்கணக்கானவர்களுள் அவரும் ஒரு சிறுவர். பிறகு கிழக்கு ஜெர்மனியாகிவிட்ட பகுதியிலேயே வளர்ந்து, பொறியியல் கற்று, சிறு 125 சிசி வண்டிகளில் பந்தயம் ஓட்டத் தொடங்கி, 1956இல் சோப்பாவ் நகரத்து எம்இசட் தொழிற்சாலையின் பந்தயப் பிரிவில் சேர்ந்தார். நீ இருக்கும் கெம்னிட்ஸ் நகரத்துக்கு அப்போது கார்ல் மார்க்ஸ் நகரம் என்று பெயர். அங்கிருந்து மலைப்பக்கம் கொஞ்ச தூரம் போனால் சோப்பாவ். அந்தப் பட்டறையில்தான் பந்தயப் பிரிவின் தலைமைப் பொறியாளர் வால்டர் கேடன் இருந்தார்.

டெக்னரைப் பற்றிப் பேச வேண்டுமானால் கேடனைப் பற்றிப் பேசியாக வேண்டும். பாலிடெக்னிக்கில் முப்பது ஆண்டு ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவன் என்ற முறையில், இந்த ஒரு மனிதரைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில், ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருப்பதுபோல் ஏறி இறங்கும் வால்வுகள் கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது எரிந்த வாயு வெளியேறும் துளையும் புதுக் கலவை உள்ளே வரும் துளையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் திறந்து கிடக்கும். உள்ளே வந்த பெட்ரோல் கலவையில் ஒரு பங்கு எரியாமலே வெளியே ஓடிவிடும். அந்த எஞ்சின் மலிவு வண்டிகளுக்கே லாயக்கு என்று உலகம் ஒதுக்கி வைத்திருந்ததற்கு இதுதான் காரணம். கேடன் வெளியேறும் குழாயின் வடிவத்தையே ஒரு கருவியாக்கினார். வாயு வெடித்துக் கிளம்பும்போது ஓர் அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. குழாய் கூம்பாக விரியும் இடத்தில் அதிலிருந்து ஓர் உறிஞ்சும் அலை திரும்பி வந்து சிலிண்டரைச் சுத்தமாக இழுத்துக் காலி செய்கிறது. பிறகு குழாய் குறுகும் இடத்தில் மோதித் திரும்பும் அழுத்த அலை, தப்பி வெளியே வந்த புதுக் கலவையைத் துளை மூடுவதற்குள் மீண்டும் உள்ளே தள்ளிவிடுகிறது. எல்லாம் ஒரு விநாடியில் மிகச் சிறிய பங்குக்குள் நடப்பவை. அலைகளைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப் கருவியை வைத்து அவற்றைக் கண்ணால் பார்த்துக் குழாயின் நீளத்தையும் கூம்பின் சரிவையும் திருத்திக்கொண்டே போனார். 1961இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. லிட்டருக்கு 200 என்று கணக்குப் போட்டுப் பார். காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி எதுவும் இல்லாமல் அந்த அளவைத் தொட்ட முதல் எஞ்சின் அது.

(என் மாணவர்கள் ஆர்எக்ஸ் 100 வண்டியின் சைலன்சரை அறுத்துவிட்டு வருவார்கள், நினைவிருக்கிறதா? சத்தம் கூடியதும் வேகமும் கூடிவிட்டதாக ஒரு மயக்கம். அறுத்தெறிந்தது எஞ்சினில் பாதி என்று கரும்பலகையில் கூம்பு வரைந்து எத்தனை முறை விளக்கியிருப்பேன். அப்போதெல்லாம் கேடன் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவேன்.)

இந்த எஞ்சினை நம்பி ஓட்டுவதற்குத் துணிச்சல் மட்டும் போதாது. அது குறுகிய சுழற்சி வேக எல்லைக்குள் மட்டுமே வலுவாக இழுக்கும். சற்றுத் தவறினால் பிஸ்டன் ஒட்டிக்கொண்டு பின்சக்கரம் பூட்டிவிடும். எஞ்சினின் குரலைக் கேட்டு அதன் உடல்நிலையை அறியத் தெரிந்தவர் வேண்டும். டெக்னர் பொறியாளராகவும் இருந்தது இங்கேதான் பயன்பட்டது. 1959இல் இத்தாலியின் மான்சாவில் முதல் உலகச் சாம்பியன்ஷிப் வெற்றி. மறு ஆண்டு பெல்ஜியத்தில் ஸ்பா. 1961இல் ஹாக்கன்ஹைமில் வென்றார். ஜூலை கடைசியில் சொந்த நாட்டு ரசிகர்கள் திரண்டு நின்ற சாக்சன்ரிங்கில் வென்றார். செப்டம்பர் தொடக்கத்தில் மான்சாவில் மீண்டும் வென்றார். ஹோண்டாவின் டாம் பிலிஸை முந்தி 125 சிசி பட்டியலில் முதலிடத்தில் இருந்தார். மிகப் பெரிய ஜப்பானிய நிறுவனத்தை, பொருள் தட்டுப்பாட்டில் திணறிய ஒரு மலையடிவாரத் தொழிற்சாலை மடக்கிக்கொண்டிருந்தது.

சாக்சன்ரிங் வெற்றிக்கும் மான்சா வெற்றிக்கும் நடுவில் ஆகஸ்ட் 13 வருகிறது. அன்று அதிகாலையில் பெர்லினை இரண்டாகப் பிரித்துக் கம்பி வேலி போட்டார்கள். அதுவரை ஒரு ரயில் பயணத்தில் மேற்கே போய்விட முடிந்தது; இனி முடியாது. பந்தயத்துக்காக டெக்னர் வெளிநாடு போகலாம். ஆனால் மனைவியும் இரண்டு ஆண் பிள்ளைகளும் உள்ளேதான் இருக்க வேண்டும். ஓடிவிடாதபடி குடும்பத்தைப் பிணையாக வைத்துக்கொள்ளும் அந்த ஏற்பாட்டை, நீ இன்று அங்கே எந்த எல்லையையும் கவனிக்காமல் ரயிலில் போய்வரும்போது கொஞ்சம் நினைத்துப் பார்.

செப்டம்பர் 17, ஸ்வீடனில் கிறிஸ்டியான்ஸ்டாட் பந்தயம். அங்கே வென்றிருந்தால் பட்டம் ஏறக்குறைய கைக்கு வந்திருக்கும். அவருடைய எஞ்சின் தொடக்கச் சுற்றுகளிலேயே கெட்டது. அதற்குள் அவர் மனைவியும், மயக்க மருந்து கொடுத்து உறங்க வைக்கப்பட்ட பிள்ளைகளும், ஒரு நண்பரின் உதவியால் காரின் பின்பெட்டிக்குள் ஒளிந்து எல்லை கடந்திருந்தார்கள். டெக்னர் பட்டறைத் தோழர்களிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி, டென்மார்க் வழியாக மேற்கு ஜெர்மனி போய்க் குடும்பத்தோடு சேர்ந்தார். வேண்டுமென்றே எஞ்சினைக் கெடுத்தார் என்று கிழக்குத் தரப்பு குற்றம் சாட்டி, அவருடைய பந்தய உரிமத்தையும் பறித்தது. கடைசிப் பந்தயமான ஆர்ஜென்டினாவுக்கு இஎம்சி என்ற பிரித்தானிய வண்டி ஒன்று ஏற்பாடாகி, அது நேரத்துக்கு வந்து சேரவில்லை. பிலிஸ் அங்கே வென்று இரண்டே புள்ளி வித்தியாசத்தில் உலகச் சாம்பியன் ஆனார். அடுத்த ஜூனில் பிரித்தானியாவுக்கு அருகிலுள்ள மேன் தீவுப் பந்தயத்தில் அந்த பிலிஸ் இறந்துபோனார்.

இதுவரை கேட்டால் உன் தோழியின் தாத்தாவேகூட மனம் இளகியிருப்பார். கோபத்துக்குக் காரணம் அடுத்து வருவது. 1960இல் மேன் தீவில் எம்இசட் குழுவும் சுசுகி குழுவும் ஒரே விடுதியில் தங்கியிருந்தன. பழக்கம் அங்கே தொடங்கியது. இரண்டு ஆண்டுகளாகப் பின்வரிசையிலேயே உழன்றுகொண்டிருந்த சுசுகியிடம் டெக்னர் ஒப்பந்தம் செய்துகொண்டு, 1961 முடிவதற்குள் சுசுகி இருந்த ஜப்பானிய நகரமான ஹமமாட்சு போய், கேடனின் பட்டறையில் கற்ற அனைத்தையும் அங்கே கொட்டினார். மறு ஆண்டே 50 சிசி என்ற புது வகுப்பில் அவர் உலகச் சாம்பியன். சுசுகிக்கு அதுதான் முதல் உலகப் பட்டம். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கும் அதுதான் முதல். அந்த ஆண்டு மேன் தீவில் மலைப்பாதையின் இரண்டு சுற்று, ஏறக்குறைய 121 கிலோமீட்டர் தூரத்தை, மணிக்குச் சராசரி 120 கிலோமீட்டர் அளவு வேகத்தில் ஓட்டி வென்றார். வெறும் 50 சிசி! நம் வீட்டில் இருந்த மொபெட்டின் எஞ்சின் அளவு.

அதே பந்தயத்தில் பெரில் ஸ்வெய்ன் என்ற இங்கிலாந்துப் பெண் 22ஆவதாக வந்தார். மேன் தீவில் பக்கப்பெட்டி இல்லாத வண்டியில் தனியாகப் பந்தயம் ஓட்டிய முதல் பெண் அவர். பிறகு விதியை மாற்றி அவருடைய உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். டெக்னருக்குச் சம்பந்தமில்லாத செய்திதான். உனக்குச் சொல்லாமல் விட மனமில்லை.

சரி, திருட்டா? நானும் பல காலம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அந்த ஊரின் பழைய கதையைப் படித்தபோது தீர்ப்பு சொல்வது கடினமாகிவிட்டது. 1939இல் அதே சோப்பாவ் தொழிற்சாலையில், டிகேடபிள்யூ என்ற பெயரில் அது இயங்கியபோது, ஹெர்மன் வெபர் ஆர்டி 125 என்ற சிறு வண்டியை வடிவமைத்தார். போருக்குப் பிறகு வென்ற நாடுகள் அந்த வரைபடங்களை எடுத்துக்கொண்டன. இங்கிலாந்தில் அது பிஎஸ்ஏ பேண்டம் ஆயிற்று, அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனின் சிறு வண்டி ஆயிற்று, சோவியத் நாட்டில் மின்ஸ்க் ஆயிற்று. 1955இல் யமஹா வெளியிட்ட முதல் வண்டியும் அதன் அச்சுதான். வெபரையே சோவியத் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1948இல் அங்கேயே இறந்தார். அதை யாரும் திருட்டு என்று எழுதவில்லை, இழப்பீடு என்று எழுதினார்கள். கேடனின் பெருமைக்குரிய குழாயும் முழுக்க அவர் மூளையில் உதித்ததன்று. மேற்கு ஜெர்மனியின் எரிக் வொல்ஃப் வைத்திருந்த குழாயைப் பார்த்துத்தான் தொடங்கினார். கலவையை உள்ளே விடும் சுழல்தகட்டு வால்வு டேனியல் சிம்மர்மன் என்ற இன்னொருவர் செய்தது. ஒருவர் செய்ததைப் பார்த்துத்தான் அடுத்தவர் செய்கிறார். அந்தப் பாதையில் எந்த இடத்தில் கோடு கிழிப்பது?

ஆனாலும் ஒன்று எனக்குச் செரிக்கவில்லை. நான் வேலை கற்ற பட்டறையில் ஒரு மேஸ்திரி இருந்தார். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் பாயின்ட்டின் இடைவெளி வைக்கும்போது மட்டும் முதுகைத் திருப்பிக்கொள்வார், நாங்கள் பார்த்துவிடக் கூடாதென்று. அதனால்தானோ என்னவோ, தன் ஓட்டுநருக்கு எதையும் மறைக்காத கேடன் மீது எனக்கு அத்தனை மரியாதை. டெக்னர் தன் பிள்ளைகளை வெளியே கொண்டுவந்ததை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் நான் இருந்தாலும் உன்னைப் பின்பெட்டியில் படுக்க வைத்திருப்பேன். ஆனால் அன்று மாலை கிறிஸ்டியான்ஸ்டாட்டில், உடைந்த எஞ்சினோடு ஊர் திரும்பிக் காவல்துறையின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தவர் கேடன். எம்இசட் அதன் பிறகும் பந்தயங்கள் வென்றது; உலகப் பட்டம் ஒன்றுகூட வெல்லவில்லை. கேடன் சாக்சனியை விட்டுப் போகவே இல்லை, 1996இல் அங்கேயே இறந்தார். டூ ஸ்ட்ரோக் வண்டிகள் 1975இல் 500 சிசி பட்டத்தையும் பிடித்துப் பிறகு பந்தய உலகை ஆண்டதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

டெக்னருக்கும் அந்தப் பட்டத்துக்குப் பிறகு நிம்மதி வாய்க்கவில்லை. 1963 நவம்பரில் சுசுகாவில் 250 சிசி வண்டியோடு விழுந்தார். பெட்ரோல் தொட்டி தீப்பற்றியது. முகமும் உடலும் வெந்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை தோல் ஒட்டு சிகிச்சை நடந்தது. பத்து மாதத்தில் மீண்டும் வண்டியில் ஏறினார். 1964 நவம்பரில், தன்னை எரித்த அதே பாதையில், 125 சிசி பந்தயத்தை வென்றார். அவர் பட்டியலில் பட்டத்தைவிட இந்த ஒரு வெற்றியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். 1966இல் ஓய்வு பெற்றார். கடைசிக் காலத்தில் டெனெரிஃபே தீவுக்குப் போய் 1983 செப்டம்பரில் இறந்தார். 52 வயதுகூட நிறையவில்லை.

துரோகி என்ற சொல்லை உன் தோழியின் தாத்தா சொன்னால், அந்தத் தொழிற்சாலையில் வியர்வை சிந்தியவர் என்ற உரிமையில் சொல்லிவிட்டுப் போகட்டும், கண்ணு. நீ எதிர்வாதம் செய்யாதே. ஆனால் அவர் நலமாக இருந்து, பேசுகிற மனநிலையிலும் இருந்தால், அந்த ஸ்வீடன் பந்தயத்துக்குப் பிறகு வந்த திங்கட்கிழமை பட்டறை எப்படி இருந்தது, கேடன் என்ன பேசினார் என்று மெதுவாகக் கேட்டு எழுது. இன்னொன்றும் உண்டு. நீ எடுத்த படங்கள் எல்லாம் இடப்பக்கத்திலிருந்தே இருக்கின்றன. மறுமுறை போகும்போது அடுத்த பக்கம் குனிந்து, கார்புரெட்டர் எஞ்சினின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து ஒரு படம் எடு. சுழல்தகட்டு வால்வு அந்த மூடிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். குழாய் முழு நீளமும் தெரியும்படி இன்னொரு படம்.

அன்புடன்,
அப்பா