கட்டையைத் தறியில் மாட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஸ்காட்லாந்தின் நியூ லனார்க் நூற்பாலை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1800-ல் நிர்வாகத்தை ஏற்ற ராபர்ட் ஓவன், ஒவ்வொரு தொழிலாளியின் இடத்திலும் நான்கு பக்கமும் வண்ணம் பூசிய சிறு மரக்கட்டையைத் தொங்கவிட்ட கதை அது. முன்னால் தெரியும் நிறம் அவர் முந்தின நாள் வேலை எப்படி என்று சொல்லும்: கறுப்பு என்றால் மோசம், நீலம் சுமார், மஞ்சள் நன்று, வெள்ளை மிக நன்று. திட்டும் அடியும் இல்லாமல் கட்டையைப் பார்த்தே ஆட்கள் திருந்தினார்கள், உற்பத்தி ஏறியது என்கிறது கட்டுரை. குடியாத்தத்தில் விசைத்தறிகளைப் பழுது பார்க்கும் பிட்டர் வேலை செய்யும் எனக்கு இதில் பாதிதான் சம்மதம்.

அதே ஓவன் செய்த இன்னொரு காரியத்தைக் கட்டுரை தொடவே இல்லை. அமெரிக்கா ஏற்றுமதிக்குத் தடை போட்டதால் பஞ்சு விலை எகிறியபோது அவர் நூற்பை நிறுத்தினார். ஆனால் நான்கு மாதமும் முழுக் கூலி கொடுத்தார். அந்த மாதங்களில் தொழிலாளிகளுக்கு இருந்த ஒரே வேலை, இயந்திரங்களைத் துடைத்து ஓட்டத்துக்குத் தயாராக வைத்திருப்பது. 7,000 பவுண்டுக்கு மேல் செலவானதாக அவரே எழுதியிருக்கிறார். தொழிலாளிகள் தன்னை நம்பத் தொடங்கியது அதன் பிறகுதான் என்றும் சொல்கிறார். துடைப்பதும் வேலைதான், அதற்கும் கூலி உண்டு என்று ஒரு முதலாளி ஒப்புக்கொண்டது எனக்கு வண்ணக் கட்டையை விடப் பெரிதாகப் படுகிறது.

எங்கள் பக்கம் நெய்த அளவுக்குத்தான் கூலி. குறுக்கு இழையைச் சுமந்து தறியில் இங்கும் அங்கும் ஓடுவது நாடா; அதை அடித்துத் தள்ளும் பாகம் பிக்கர். பிக்கரில் நாடா வந்து இடிக்கும் இடம் குழிந்துபோனால் நாடா நேராக ஓடாது. நீளவாட்டில் ஓடும் பாவு இழை அறும். சில நேரம் நாடாவே தறியை விட்டுப் பறந்து ஆள்மேல் விழும். சத்தம் மாறும்போதே தறி ஓட்டுபவருக்குத் தெரிந்துவிடும். நிறுத்தி பிட்டரைக் கூப்பிட்டால் அந்த நேரத்துக் கூலி போச்சு. சாயங்காலம் வரை தாங்கட்டும் என்று ஓட்டுகிறார். துணியில் பழுது விழுந்தால் அதற்கும் அவர் கூலியில்தான் பிடித்தம். இப்படிப்பட்டவருக்கு ஓவனின் கட்டை எந்த நிறம் காட்டும்?

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மட்டும் தறியை அடியோடு துடைக்கிறோம். பஞ்சுத்தூசி மூட்டையாக வரும். பல் சக்கரத்தில் கெட்டிப்பட்ட பழைய கிரீஸைச் சுரண்டிப் புது கிரீஸ் வைப்போம். அதன் பிறகு சில நாள் இழை அறுவது குறையும் என்று எந்தத் தறிக்காரரைக் கேட்டாலும் சொல்வார். துடைத்த நாளுக்குக் கூலி கிடையாது, பொரியும் கடலையும் உண்டு.

ஓடும் இயந்திரத்தின் பாகங்களைத் துடைக்கவோ எண்ணெய் விடவோ பெண்களையும் இளவயதினரையும் விடுவதற்கு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் கட்டுப்பாடு வைத்திருந்தது. நாலைந்து ஆட்கள் மட்டும் இருக்கும் கொட்டகைகள் பொதுவாக அந்தச் சட்டத்துக்குள் வந்ததில்லை.

தறி கெட்டால்தான் எனக்குப் பிழைப்பு. இதை எழுதி என் வயிற்றில் நானே அடித்துக்கொள்கிறேன். இருந்தாலும் கட்டை மாட்டித்தான் தீர வேண்டுமென்றால் அதை முதலில் தறியில் மாட்டட்டும். பிக்கர் மாற்றிய தேதி, எண்ணெய் விட்ட தேதி அதில் தெரியட்டும். வாரத்தில் அரை நாள் நிறுத்தித் துடைக்கட்டும், அந்த அரை நாளுக்கும் கூலி கொடுக்கட்டும்.

அந்த நான்கு மாதச் செய்தியை அடுத்த இதழிலேயே போட்டுவிடுங்கள். இங்கே முதலாளிகள் யாராவது கட்டுரையைப் படித்துவிட்டு பெயிண்ட் டப்பா வாங்கக் கிளம்பிவிடப் போகிறார்கள்.

இப்படிக்கு,
விசைத்தறி பிட்டர் ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.