மண்டபம் கடற்கரையிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். மண்டபம் ஒன்றியத்தின் கடலோர ஊர்களில் ஒன்றான எங்கள் ஊரில் மாலை வேளைகளில் நடந்து வரும் படிப்பகத்துக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும், அதன் பொறுப்பாளர் என்ற முறையிலும், இவ்வூரில் பிறந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறிய பெண் என்ற முறையிலும் இம்மடலை எழுதுகிறேன். இவ்வாண்டு பத்தாம் வகுப்புத் தேர்வெழுதிய எங்கள் பிள்ளைகள் அனைவரும் தேர்ச்சி பெற்ற செய்தியை முன்பே அறிந்திருப்பீர்கள். வாழ்த்துச் சொன்ன அனைவருக்கும் நன்றி. ஆயினும் மதிப்பெண் பட்டியலில் ஏறாத சில மாற்றங்களும் இங்கே நிகழ்ந்துள்ளன. அவற்றுக்கு யார் யார் காரணம் என்பதை ஊரறியச் சொல்லியாக வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டதால் பெயர்களைத் தவிர்க்கிறேன்.

ஊரார் இன்றும் ‘அறிவொளி டீச்சர்’ என்றே அழைக்கும் அம்மையாருக்கு முதல் வணக்கம். 1990களின் தொடக்கத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தந்த அறிவொளி இயக்கம் தமிழகமெங்கும் பரவி, புதுக்கோட்டைப் பெண்கள் எழுத்தோடு சேர்த்து மிதிவண்டியும் கற்றுக்கொண்ட செய்தி ஊர்தோறும் பேசப்பட்ட காலத்தில், தொண்டராக வீடு வீடாகச் சென்றவர் அவர். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலர்கள், கொரோனாவால் எழுத்தே மறந்துபோன எங்கள் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்துப் படிப்பித்தபோது, “பிள்ளைகளுக்கு மட்டும்தானா?” என்று கேட்டு, அவர்களுடைய தாய்மாரையும் அதே திண்ணைக்கு அழைத்து வந்தார். பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஓயாமல் பேசும் நாம் தாய்மாரின் படிப்பை மறந்துவிடுகிறோம் என்பது என் நெடுநாளைய வருத்தம். அதைத் தீர்த்து வைத்தவர் அவரே.

வந்தவர்களில் பெரும்பாலோர் கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள். விடியுமுன் வள்ளமேறி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்துக் கரை சேர்த்து, மணல் போக உலர்த்தி விற்பவர்கள். மாலையில் அதே விரல்களுக்குப் பென்சில் பிடிபடவில்லை. அம்மையார் அவசரப்படாமல் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் பெரிது பெரிதாக எழுதவிட்டார். பிறகு பாடநூலை ஒதுக்கி வைத்துவிட்டு, வியாபாரி தரும் எடைச்சீட்டையே பாடமாக்கினார். மொத்த எடை, கழிவு, நிகர எடை, விலை, முன்பணத்தில் பிடித்தது என்று ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படிக்கச் செய்தார்.

ஒருநாள் எடை போடும் இடத்தில், எங்கள் ஊர்ப் பெண்ணொருவர் சீட்டைத் திருப்பிக் காட்டி, “இந்தக் கழிவு எதுக்குண்ணே?” என்று கேட்டார். ஈரத்துக்கு என்றார் வியாபாரி. “இன்னைக்குப் பாசி சருகாக் காஞ்சிருக்கே?” என்று அவர் மறுபடியும் கேட்க, சுற்றி நின்ற பெண்கள் அனைவரும் தத்தம் சீட்டை எடுத்துப் பார்த்தார்கள். சண்டை எதுவும் நடக்கவில்லை. அன்று முதல் பாசியைக் கையிலெடுத்து இருதரப்பும் பார்த்த பிறகே கழிவு முடிவாகிறது. கேள்வியைப் பகையாகக் கொள்ளாமல் வழக்கத்தை மாற்றிக்கொண்ட அந்த வியாபாரிக்கும் நன்றி கூறுகிறேன்.

அந்தப் பெண் இப்போது பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். எங்கள் ஊரில் நெடுங்காலம் அது கையெழுத்துக்கான குழுவாகவே இருந்தது. இப்போது அவர் தீர்மானத்தை முழுவதும் படித்த பிறகே கையெழுத்திடுகிறார். மாணவியர் கழிப்பறைக்குக் கதவும் தண்ணீரும் வேண்டும் என்பதைத் தம் கையாலேயே எழுதிச் சேர்த்து, அது நிறைவேறும் வரை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டார். ஒருவர் எழுத்துக் கூட்டக் கற்றதன் பயன் இன்று அப்பள்ளியில் பயிலும் அத்தனை பெண் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது. அவர் படிக்கத் தொடங்கியபோது இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. கழிவுக் கணக்கு புரிந்தால் போதும் என்றே நினைத்தோம்.

அடுத்து, இராமநாதபுரத்தில் தாவரவியல் படித்துக்கொண்டே விடுமுறை நாள்களில் வந்து உதவும் தங்கைக்கு. 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு 1971 வரை மண்டபமே தலைமையிடமாக இருந்தது. அப்படியிருந்தும், தம் வீட்டுப் பாட்டிக்குத் தெரிந்ததெல்லாம் அறிவியலோடு தொடர்புடையது என்று எங்கள் பிள்ளைகளிடம் எவரும் சொன்னதில்லை. இத்தங்கை பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் சென்று, பாட்டிமாரையும் உடன் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாசிக்கும் ஊர்ப்பெயரை அவர்கள் சொல்ல, அறிவியல் பெயரைத் தாம் சொல்லி நோட்டில் எழுதச் செய்தார். மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் என்னும் கூழ்போல் உறையும் பொருளை எடுக்கிறார்கள் என்றும், ஆய்வகத்தில் கிருமி வளர்ப்பதற்கு அந்த அகரே தேவைப்படுகிறது என்றும் கேட்ட ஒரு சிறுமி, பாட்டியின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பள்ளியில் ‘பாசிக்காரி பேத்தி’ என்று கூப்பிட்டால் தலை குனிந்தவள், அறிவியல் கண்காட்சியில் அந்தப் பாசியையே கொண்டுபோய் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினாள். தன் குடும்பத்தையும் தொழிலையும் மதிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைதான் பிறரோடு சமமாகப் பழகும் என்பது என் உறுதியான எண்ணம்.

பணமாக உதவியவர்களைச் சுருக்கமாகவே சொல்ல முடியும். பலர் விவரம் வெளியே தெரிய வேண்டாம் என்றார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கையில் காசு புரளாத அந்த மாதங்களில்தான் கல்லூரிச் சேர்க்கையும் வருகிறது. அரசுப் பள்ளியில் படித்த மாணவியர்க்குப் புதுமைப் பெண் திட்டமும் மாணவர்க்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. ஆனால் அது கல்லூரியில் சேர்ந்த பிறகு வருவது, சேர்க்கைக் கட்டணத்தையோ முன்னதாகவே கட்டியாக வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பிய சம்மாட்டிகளாகிய படகு உரிமையாளர்களுக்கும், ஏலக்கூடத்தில் துண்டு விரித்து வசூலித்துத் தந்தவர்களுக்கும், காதிலிருந்ததைக் கழற்றி அடகு வைத்த அக்காமார்களுக்கும் நன்றி. இராமேசுவரத்து அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் சேர்ந்தபோது, அவருடைய தமக்கை தம் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தே கட்டணத்துக்கு வழி செய்தார். அந்த வழக்கம் இக்கரையில் இன்றும் தொடர்கிறது. அவ்வாறு அடகுக்குப் போன நகைகளை மீட்டுத் தருவதையும் நம் சேமிப்பின் முதற்செலவாக வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் தங்கள் மண்டபத்தைத் திறந்துவிட்டு, மின்கட்டணமும் வாங்க மறுத்த ஜமாஅத்தாரை இவ்விடத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

நிறைவாக, இரு கரைகளிலும் உள்ள தலைமையாசிரியர்களுக்கு. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் மன்னார் வளைகுடாவாகிய தென்கடல் கொந்தளிக்கும். வாடை என்னும் வடகிழக்குக் காற்று தொடங்கினால் பாக் விரிகுடாவாகிய வடகடலில் தொழில் செய்ய இயலாது. ஆகவே வாடைக்காலத்தில் எங்கள் குடும்பங்கள் சில மூக்கையூர், வாலிநோக்கம் போன்ற தென்கரை ஊர்களுக்குப் போய், வாடி என்னும் தற்காலிகக் குடிசை போட்டுத் தங்கும். பிள்ளையின் பெயர் இங்குள்ள வருகைப் பதிவேட்டிலும், பிள்ளை அங்குள்ள கரையிலுமாக மாதங்கள் கழியும். திரும்பி வந்ததும் பாடம் புரியாது, கூச்சம் வரும், பிறகு படகு. இப்படித்தான் ஏழாம் வகுப்போடு நின்று வலை இழுக்கப் போனான் ஒரு பையன்.

மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்பது 4ஆம் பிரிவு. சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருந்தாலும், “சான்றிதழ் பிறகு வரட்டும், பிள்ளை முதலில் வகுப்பில் உட்காரட்டும்” என்று ஒருவர் வாய் திறந்து சொன்ன பிறகுதான் எங்கள் பிள்ளைகளுக்கு அது பயன்பட்டது. அவ்வாறு சொன்ன தென்கரைத் தலைமையாசிரியர், எங்கள் ஊர்த் தலைமையாசிரியரைத் தொலைபேசியில் அழைத்து, எந்தப் பாடம் வரை முடிந்திருக்கிறது என்று கேட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கச் செய்தார். படகை விட்டு மீண்டும் பள்ளிக்கு வந்த அந்தப் பையன் இவ்வாண்டு தேர்ச்சி பெற்றவர்களில் ஒருவன். மாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லித் தருபவனும் அவனே. தெரியாததைத் தெரியாது என்று கேட்கத் தயங்கும் பிள்ளையை முகத்தைப் பார்த்தே கண்டுகொள்கிறான். அதை எங்களில் எவராலும் அவனளவுக்குச் செய்ய முடியவில்லை.

வரும் வாடைக்காலத்தில் இடம்பெயரும் பிள்ளைகளின் பட்டியலை, யார் எந்தப் பாடம் வரை முடித்துள்ளார் என்ற குறிப்போடு, படிப்பகத்தின் சார்பில் நாங்களே முன்கூட்டித் தயாரித்துத் தென்கரைப் பள்ளிகளுக்கு நேரில் கொண்டுவந்து தருவோம். தலைமையாசிரியர்கள் அன்புகூர்ந்து பெற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
மாலைப் படிப்பகப் பொறுப்பாளர்,
மண்டபம் ஒன்றியம், இராமநாதபுரம் மாவட்டம்.