செயலாளரின் ஆண்டறிக்கை: இந்த ஆண்டு கடற்கரைப் பக்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஆச்சிமார்களே, அண்ணன் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. ஐப்பசி அடைமழையில் ஒன்று மட்டும் நின்றுபோனது. அவற்றைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை என்பதால் நேராக இந்த ஆண்டு நம் சங்கம் போய்வந்த கடற்கரைப் பயணத்துக்கு வருகிறேன்.

நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் பழமை என்று பேச்செடுத்தால் பெரிய வீடு, பர்மாத் தேக்கு, ஆத்தங்குடி டைல்ஸ் என்றே சுற்றி வரும். நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்து இளையாத்தங்குடியில் குடியேறினார்கள் என்பது மரபு. துறைமுகத்திலிருந்து வந்து, பின்னாளில் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் கப்பலேறிய ஊர்க்காரர்கள், பக்கத்திலிருக்கும் கடலோர ஊர்களை ஏன் திரும்பிப் பார்ப்பதில்லை என்று சென்ற பொதுக்குழுவில் ஓர் ஆச்சி கேட்டார்கள். நியாயமான கேள்வி. பயணம் அதிலிருந்துதான் பிறந்தது. (காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் பொங்கிய நினைவால்தான் நம் வீடுகளின் தளத்தை இவ்வளவு உயர்த்திக் கட்டினார்கள் என்று வேனில் ஒரு வாதம் ஓடியது. எனக்கு அதில் முழு நம்பிக்கையில்லை. தெருவில் போகிறவர் அண்ணாந்து பார்க்கட்டும் என்ற ஆசையும் கொஞ்சம் இருந்திருக்கும்.)

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், படகுக்காரர்களுக்கும் பேச நேரமிருக்கும் என்று மே மாதத்தில் கிளம்பினோம். வெயிலைக் கணக்கில் எடுக்கவில்லை என்று சிலர் இன்னும் என்னைத் திட்டுகிறார்கள்.

தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டி. சங்கப் பாடல்களில் வரும் சேரர் தொண்டி மேற்குக் கரையில் இருந்தது. இது பாண்டியர் துறை. அகிலும் பட்டும் சந்தனமும் கருப்பூரமும் தொண்டியிலிருந்து மதுரைக்கு வந்ததை, கீழைக்காற்றோடு அந்த வாசம் கூடலுக்குள் புகுந்தது என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. கொச்சியிலிருந்து மதுரை வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை 85 இன்றைக்கும் தொண்டியில்தான் முடிகிறது. சரக்குக் கப்பல் போய்விட்டது, பாதை போகவில்லை.

கொஞ்சம் வடக்கே தீர்த்தாண்டதானம். அங்குள்ள சிவன் கோயிலின் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் முதலான வணிகக் குழுக்களின் பெயர்கள் சேர்ந்தே வருகின்றன. அஞ்சுவண்ணம் மேற்காசியாவிலிருந்து வந்த வணிகர்களின் குழு. சிவன் கோயில் கல்லில் அவர்கள் பெயர் இருப்பதைப் படித்த பிறகு, இந்தக் கரையில் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அடுத்தடுத்து வருவது யாருக்கும் புதிதாகத் தெரியவில்லை. கோட்டைப்பட்டினம் தர்காவுக்கும், 1693இல் போர்த்துகீசியப் பாதிரியார் ஜான் டி பிரிட்டோ வெட்டுண்ட ஓரியூருக்கும் போய் வந்தோம்.

இந்த ஊர்கள் இந்த இடங்களில் ஏன் அமைந்தன என்பதைத் தொண்டியில் ஒரு பெரியவர் மணலில் கோடு போட்டே விளக்கினார். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். பெரிய அலையை இலங்கை மறைத்துவிடுகிறது. வள்ளமும் தோணியும் கரையை ஒட்டி வந்து நிற்கலாம். அப்புறம் ஆற்று முகத்துவாரம், குடிக்க நல்ல தண்ணீர் ஊறும் மணல் கிணறு. இவ்வளவும் இருந்தால் ஊர் தானாக வரும் என்றார். அவர் சொன்னதை மறுநாள் வைகை முகத்துவாரத்து அழகன்குளத்தில் கண்ணால் பார்த்தோம். ரோமானியக் காசுகளும் மேலைநாட்டு மதுக்குடங்களின் உடைசல்களும் கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் அகழாய்வில் கிடைத்த இடம். பார்க்க ஒன்றுமே இல்லை, மண்மேடும் வீடுகளும்தான். நம்மில் பலருக்கு ஏமாற்றம். எனக்கோ தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்களான நவபாஷாணத்தை விட இந்த மேடுதான் மனதில் நிற்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முன் குடியேறியவர்கள் விட்டுப்போன உடைந்த பானைக்கு மேல்தான் இன்றைய தெரு போகிறது.

ஒரு வருத்தமும் உண்டு. வழியில் ஒரு கோயிலில் (ஊர்ப் பெயர் வேண்டாம்) திருப்பணி என்று அதிட்டானத்துக் (அடித்தளத்துக்) கல்வெட்டின் மேல் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். மனு கொடுத்தோம், பதில் இல்லை. இதில் கோபப்பட்டுப் பயனில்லை. பூசுவதற்கு முன்னால் படமெடுத்து வைக்க ஆள் வேண்டும். ஆகவே கரையோரக் கோயில்களின் கல்வெட்டுப் பகுதிகளைப் படமெடுத்துப் பதிவேட்டில் சேர்க்க ஒரு சிறு குழுவைச் செயற்குழு அமைத்திருக்கிறது. கேமரா தெரிந்த பிள்ளைகள் இருந்தால் பெயர் கொடுங்கள்.

அடுத்த ஆண்டு சீனப் பீங்கான் கிடைத்த பெரியபட்டினம், 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடி, வடக்கே மனோரா கோபுரம் மூன்றையும் பார்க்கத் திட்டம். இந்த முறை தை மாதத்தில். வேன் வாடகையில் பாதியைச் சங்கம் ஏற்கும். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் அதற்குள் கட்டிவிட்டால் பொருளாளர் நிம்மதியாக ஏற்பாடு செய்வார்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்