கிரீனின் சரிவைப் பார்க்க விடாமல் அப்ரோச் ஷாட் அடிக்க வைப்பது பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: புதிய அப்டேட்டில் நீக்கப்பட்ட கிரீன் சரிவுக் காட்சி

வணக்கம்.

உங்கள் கோல்ஃப் வீடியோ கேமை முழு விலை கொடுத்து வாங்கி விளையாடி வருகிறேன். கடைசி அப்டேட்டுக்கு முன்பு, பந்து ஃபேர்வேயில் (கிரீனுக்குப் போகும் வழியிலுள்ள புல்வெளியில்) கிடக்கும்போதே கேமராவைக் கிரீன் (குழியும் கொடியும் இருக்கும், புல்லை ஒட்ட வெட்டிய பகுதி) வரை கொண்டுபோய் அது எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்க்க முடிந்தது. கட்டக் கோடுகளில் ஓடும் புள்ளிகள் சரிவின் திசையைக் காட்டின. அவை ஓடும் வேகத்தில் சரிவு எவ்வளவு கடுமை என்பதும் புரிந்தது. இப்போது பந்து கிரீனில் ஏறிய பிறகுதான் அந்தக் கோடுகள் வருகின்றன. அதற்கு முன்னால் தெரிவது தூரம், காற்று, கொடி எவ்வளவு மேட்டில் இருக்கிறது என்ற ஓர் எண், அவ்வளவுதான்.

அந்த எண்ணை வைத்து என்ன செய்வது? கொடி 10 அடி மேலே இருக்கிறது என்றால் எந்தக் கிளப் (மட்டை) எடுப்பது என்று முடிவு செய்யலாம். கிரீன் என்னை நோக்கிச் சரிகிறதா, பின்பக்கமாகச் சரிகிறதா என்பது அதில் தெரியாது. என்னை நோக்கிச் சரிந்தால் பந்தைக் கொடிக்குக் கீழே நிறுத்தப் பார்ப்பேன். அடுத்த புட் (கிரீனில் பந்தைக் குழிக்குள் தட்டும் அடி) மேட்டை நோக்கிப் போகும், துணிந்து தட்டலாம். பின்பக்கம் சரிந்தால் முன்விளிம்பிலேயே போட்டு உருளவிட வேண்டும். தூரம் ஒன்றுதான், ஆனால் இரண்டும் வேறு வேறு ஷாட். கிரீனை நோக்கி அடிக்கும் அப்ரோச் ஷாட்டில் யோசிக்க இருப்பதே இதுதான், அதைத்தான் எடுத்துவிட்டீர்கள்.

1996 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் கடைசிச் சுற்றை ஆறு ஸ்ட்ரோக் முன்னிலையோடு தொடங்கினார் ஆஸ்திரேலிய வீரர் கிரெக் நார்மன். அந்தப் போட்டி நடக்கும் அகஸ்டா மைதானத்தின் ஒன்பதாவது கிரீனுக்கு அவர் அடித்த பந்து கொஞ்சம் குறைந்து விழுந்து, முன்சரிவில் பின்னோக்கி உருண்டு கிரீனை விட்டே இறங்கிப் போனது. அவருக்கு அந்தச் சரிவு தெரியாததல்ல. தெரிந்தும் பந்தை நிறுத்த முடியவில்லை என்றால், தெரியாமல் அடிக்கும் நாங்கள் என்ன செய்வோம்?

நிஜ ஆட்டத்துக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று மாற்றியதாக உங்கள் பதில் சொல்கிறது. இதை ஏற்க முடியவில்லை. 2022 முதல் அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் தொடரான பிஜிஏ டூரில் கிரீன் சரிவுகளை விரிவாக அச்சிட்ட புத்தகங்களுக்குத் தடை, சரி. கண்ணால் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லையே! பயிற்சிச் சுற்றில் வீரரும் அவருடைய உதவியாளரான கேடியும் கிரீனில் நடந்து பார்க்கிறார்கள். அப்படி அறிந்ததை அனுமதிக்கப்பட்ட யார்டேஜ் (தூரக் குறிப்பு) புத்தகத்தில் கையால் குறித்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. உங்கள் கேமில் நடந்து பார்க்கவும் வழியில்லை, குறித்து வைக்கவும் இடமில்லை.

தரவரிசைப் போட்டிகளில் கட்டக் கோடுகளை மறைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. கேமராவையாவது கிரீன் வரை போக விடுங்கள். நிலத்தின் வளைவைப் பார்த்து நாங்களே கணித்துக்கொள்கிறோம். தனியாக விளையாடும்போது கோடுகள் வேண்டுமா என்பதை செட்டிங்ஸில் எங்களிடமே விடுங்கள். இந்த வசதியைக் காட்டித்தான் கேமை விற்றீர்கள், விளம்பர வீடியோவில் இன்னும் அது இருக்கிறது.

அடுத்த அப்டேட்டில் சரிசெய்ய முடியாது என்றால், சீசன் பாஸுக்கு நான் கட்டிய பணத்தைத் திருப்பித் தாருங்கள். ரசீதை இணைத்திருக்கிறேன். இரண்டில் எது என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்