அந்த நாவல் பாதியில் நிற்கவில்லை

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி தேவலை என்று எழுதியிருந்தாய், நல்லது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்றால் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டை உடனே காலி செய்துவிடு. அவளுக்கு முதலில் எட்டப் போவது அதுதான். என் பக்கம் பெரிய செய்தி ஒன்றுமில்லை. கண்ணாடியின் பவர் மறுபடி ஏறியிருக்கிறது. பொடி எழுத்தில் அச்சான பழைய பதிப்புகள் இனி எனக்கு ஆகாது. மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன்.

சரி, உன் புகாருக்கு வருகிறேன். அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' படித்துவிட்டு என்னைத் திட்டி எழுதியிருக்கிறாய். பரிந்துரைத்த பாவத்துக்கு நான் வாங்கிக்கொள்கிறேன். கடைசிப் பக்கம் ஏதாவது கிழிந்துபோயிருக்குமோ என்று தடவிப் பார்த்தாயாமே! சிரித்துவிட்டேன். ஆனால் நாவல் பாதியில் நிற்கிறது என்கிறாயே, அதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது.

யோசித்துப் பார். செகந்திராபாத்தில் கிரிக்கெட்டும் கல்லூரியுமாகத் திரிகிற ஒரு பையன். நிஜாம் ராஜ்யம் இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்று ஊரே கொதிக்கிற 1948. அந்தக் கொதிப்பு முழுவதும் அவனுக்கு ஏதோ பக்கத்துத் தெருச் சத்தம் போலத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. கடைசியில் ஒரு வீட்டுக்குள், ஒரு சின்னப் பெண்ணின் முன்னால், அது அவன் மேலேயே வந்து விழுகிறது. சந்திரசேகரன் ஓடுகிறான். நாவல் முடிந்துவிடுகிறது. இதற்கு மேல் உனக்கு என்ன வேண்டும்? அவன் வீட்டுக்குப் போய் அழுதானா, பிற்பாடு படித்து வேலைக்குப் போனானா என்றா? அதையெல்லாம் எழுதியிருந்தால் அந்த ஓட்டத்துக்கு ஒரு சமாதானம் கிடைத்திருக்கும். அந்தச் சமாதானத்தை உனக்குக் கொடுக்கக் கூடாது என்றுதான் அவர் பேனாவை மூடிவிட்டார்.

இதைச் சொல்கிற நீ யார்? 'பொன்னியின் செல்வ'னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற ஆள். ஐந்து பாகம், 1950 தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்த கதை. அவ்வளவையும் படித்துவிட்டு எனக்கு ஒரே ஒரு பதில் சொல்: ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? நந்தினியா, ரவிதாசனா, பெரிய பழுவேட்டரையர் வீசிய கத்தியா? சோழர் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசனையும் அவன் சகோதரர்களையும் துரோகிகள் என்று பெயர் சொல்லியே குறிக்கிறது. கல்கிக்கு அது தெரியாமல் இல்லை. ரவிதாசனைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டாரே. ஆனாலும் அந்த இருட்டறையில் விளக்கை ஏற்றாமலே விட்டுவிட்டார். வாசகர்கள் விடுவார்களா? அவரவர் கதி என்ன ஆயிற்று என்று கேட்டதில் அவர் தனியாக ஒரு முடிவுரை எழுத வேண்டியதாயிற்று. அப்போதும் கொலையாளி யார் என்று தீர்ப்புச் சொல்லவில்லை. நீயும் நானும் இந்த ஒரு விஷயத்துக்காக எத்தனை இரவு கத்திப் பேசியிருக்கிறோம்! கல்கி செய்தால் அது சுவாரஸ்யம், அசோகமித்திரன் செய்தால் குறையா?

எனக்கு இப்போதெல்லாம் எந்த வகைப் புத்தகத்தை எடுத்தாலும் கண் போகிற இடம் ஒன்றுதான்: இந்த ஆள் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்? ஆனால் சொல்லாமல் விடுவதில் இரண்டு ரகம் உண்டு. தெரிந்து விடுவது, தெரியாமல் விடுவது. ஹெமிங்வே 1932இல், காளைச் சண்டை பற்றிய புத்தகத்தில், பனிப்பாறையின் எட்டில் ஒரு பங்குதான் நீருக்கு மேலே தெரிகிறது என்று எழுதினாரே, அதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் கூடவே சொன்ன நிபந்தனையை யாரும் சொல்வதில்லை. தனக்கே தெரியாததால் எழுத்தாளர் விட்டிருந்தால் அந்த இடம் வெறும் ஓட்டையாகத்தான் இருக்கும் என்றார். இன்றைக்கு வருகிற சிறுகதைகளில் பாதியில் எனக்குத் தட்டுப்படுவது அந்த ஓட்டைதான். முடிவு கிடைக்கவில்லை, அதனால் மூன்று புள்ளி. அதற்கு 'திறந்த முடிவு' என்று கௌரவமான பெயர் வேறு.

இந்த விஷயத்தில் துப்பறியும் கதைக்காரர்களிடம் எனக்கு மரியாதை அதிகம். அவர்களால் ஏமாற்ற முடியாது. ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், அவரே துப்பறியும் நாவல்கள் எழுதியவர், 1929இல் இந்த வகைக் கதைகளுக்குப் பத்துக் கட்டளை போட்டார். துப்பறிபவர் கண்டுபிடிக்கிற தடயம் உடனே வாசகனுக்கும் தெரிய வேண்டும், தற்செயல் எதுவும் அவருக்கு உதவக் கூடாது, இப்படி. அகதா கிறிஸ்டியின் 'ரோஜர் அக்ராய்ட் கொலை' அதற்கு முன்பே, 1926இலேயே வந்துவிட்டது. வந்தபோது இது மோசடி என்று கோபப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் மோசடி ஒன்றும் தெரியவில்லை. ஓரிடத்தில் சில நிமிடங்கள் வெகு சாதாரணமாக ஒரு வரியில் கடந்து போய்விடும். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், நீ இன்னும் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். இரண்டாம் முறை படிக்கும்போது அந்த வரியில் பொய் எதுவும் இல்லை என்று தெரிகிறது பார், அப்போது எழுந்து நின்று கைதட்டலாம் போலிருக்கும்.

கானன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் வேறு ஒரு வேடிக்கை. டாக்டர் வாட்சன் தான் எழுதாத வழக்குகளைப் போகிற போக்கில் சொல்லிக்கொண்டே போவார். அதில் சுமத்ராவின் ராட்சத எலி என்று ஒன்று வரும். அந்தக் கதையைக் கேட்க உலகம் இன்னும் தயாராகவில்லை என்பார் ஹோம்ஸ். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. விடுவார்களா, டாயிலுக்குப் பிறகு வந்தவர்கள் ஆளாளுக்கு அந்த எலியைப் பிடித்து எழுதிவிட்டார்கள். நான் படித்தவரை ஒன்றும் தேறவில்லை. அந்த எலி டாயிலின் அந்த ஒரு வரியில் இருந்தபோதுதான் ராட்சதமாக இருந்தது.

பேய்க்கதை பற்றிக் கேட்டிருந்தாய். 'டிராகுலா'வின் முதல் நான்கு அத்தியாயம் போதும். கோட்டையில் டிராகுலா பிரபுவை நேருக்கு நேர் பார்ப்பது அங்கேதான். அதற்கப்புறம் அவர் தலைகாட்டுவதே அபூர்வம். மற்றவர்களின் நாட்குறிப்பு, கடிதம், பத்திரிகைச் செய்தி என்று நகர்கிறது. பயம் குறையவில்லை, ஆனால் பேச்சு ரொம்ப நீளம்.

அதைவிட மேரி ஷெல்லியைப் படி. 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்றதும் மின்னலும் கம்பியுமாக ஒரு பரிசோதனைச் சாலை உனக்கு நினைவுக்கு வந்தால் அது 1931இல் வந்த சினிமாவின் வேலை. 1818இல் வந்த புத்தகத்தில் அந்த உடலுக்கு எப்படி உயிர் வந்தது என்று விளக்கமே கிடையாது. கேட்டாலும் சொல்ல மாட்டேன் என்று அதை உண்டாக்கிய விக்டரே மறுத்துவிடுகிறான், கேட்பவனின் நன்மைக்காக. எழுத ஆரம்பித்தபோது அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது! அந்த விளக்கத்தை எழுதியிருந்தால் அன்றைய விஞ்ஞானத்தோடு கதையும் பழசாகியிருக்கும். இரு நூறு ஆண்டு கழித்தும் விஞ்ஞானக் கதை என்று எதைக் காட்டுவது என்றால் இதைத்தான் காட்டுகிறோம்.

காஃப்காவின் 'உருமாற்றம்' உனக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் இந்தச் செய்தி பிடிக்கும். 1915இல் அது புத்தகமாகத் தயாரானபோது, கதாநாயகன் உருமாறிப்போகிற அந்தப் பூச்சியை அட்டையில் வரைந்துவிடப் போகிறார்கள் என்று பதறிப்போய்ப் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். தூரத்தில்கூடக் காட்டக் கூடாது என்றார். அதன்படி, திறந்த கதவிலிருந்து முகத்தைப் பொத்திக்கொண்டு விலகி நடக்கிற ஒரு மனிதனைத்தான் வரைந்தார்கள். இப்போது வருகிற பதிப்புகளைப் பார்க்கிறாயா? பாதிக்கு மேல் அட்டையிலே கரப்பான் பூச்சி. என்ன சொல்வது.

கற்பனை இல்லாத புத்தகங்களுக்கு இது பொருந்தாது என்று நீ எழுதப் போகிறாய், அதற்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். டார்வினை எடுத்துக்கொள். 1859இல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' மனிதனின் தோற்றத்தைப் பற்றிச் சொல்வது ஏறக்குறைய ஒரே வாக்கியம். அந்த விஷயத்திலும் வெளிச்சம் விழும் என்று மட்டும் கடைசி அத்தியாயத்தில் சொல்லி நகர்ந்துவிடுகிறார். புறாவைப் பற்றி எழுதிய மனிதர், தேனீயைப் பற்றி எழுதியவர், நம்மைப் பற்றி எழுதவில்லை. அதற்கு 1871 வரை காத்திருந்தார். ஆனால் படித்த ஒவ்வொருவரும் அந்த எழுதாத அத்தியாயத்தைத்தான் படித்தார்கள். சண்டையும் அதைப் பற்றித்தான். இயற்பியல் அறிஞர் ஹாக்கிங் கதை உனக்கே தெரியும்: ஒவ்வொரு சமன்பாடும் விற்பனையைப் பாதியாக்கும் என்று யாரோ சொன்னதால், 1988இல் வந்த புத்தகத்தில் ஐன்ஸ்டைனின் ஒரே ஒரு சமன்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டார். அதனால் புத்தகம் எளிமையாகிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. சமன்பாடு இல்லாமலும் ஒரு பக்கம் தலைசுற்ற வைக்கலாம் என்று தெரிந்துகொண்டேன்.

காந்தியின் சுயசரிதை 1920ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு என் வாழ்க்கை எல்லாரும் அறிந்ததுதானே என்கிறார். உப்பு யாத்திரை எங்கே என்று தேடி ஏமாந்தவர்கள் உண்டு. அது 1930, புத்தகத்துக்குப் பிந்தியது! சுயமுன்னேற்ற நூல்கள் பற்றி நீ கேட்டதற்கு ஒரு வரிதான்: முதல் அத்தியாயத்தில் இருக்கிற ஒரு யோசனையை மற்ற பதினொரு அத்தியாயத்திலும் திரும்பச் சொல்வார்கள். முதல் அத்தியாயத்தோடு வைத்துவிடு.

அப்புறம் கவிதை. எனக்குக் 'குறுந்தொகை' போதும். மொத்தம் 401 பாட்டு, பெரும்பாலும் நாலிலிருந்து எட்டு அடி. யார் காதலித்தார்கள் என்று பெயரே கிடையாது. அகப்பாடலில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியமே சட்டம் போட்டிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் பாடியவர்கள் சிலருக்கே பெயர் மிஞ்சவில்லை. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் என்று அவர்கள் எழுதிய உவமையையே பெயராக வைத்துவிட்டார்கள். ஒரு வரி எழுதி அதுவே பெயராகிவிட்ட கவிஞர்கள்! பத்துத் தொகுப்பு போட்டும் ஒரு வரி நினைவில் நிற்காத நம் காலத்து ஆட்களை நினைத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம், கடிதம் உன் மருமகன் கையில் சிக்கினால் அவரும் கவிஞர்தான்.

எதிர்க்கட்சி வாதத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கிற புத்தகங்களும் எனக்கு உயிர். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' 1940இல் தொடராக வர ஆரம்பித்தபோது அவருக்கு எண்பத்தைந்து நெருங்கிவிட்டது. 1942இல் அவர் காலமானபோது 122 அத்தியாயம் ஆகியிருந்தது, கதை பத்தொன்பதாம் நூற்றாண்டைக்கூடத் தாண்டவில்லை. யார் என்ன பாட்டுச் சொன்னார்கள், எந்தச் சுவடி யார் வீட்டில் இருந்தது, ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை எந்த இடத்தில் என்ன சொன்னார், ஒன்றையும் விடமாட்டார். 1880இல் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிற பகுதி ஞாபகம் இருக்கிறதா? தான் படித்த நூல்களை எல்லாம் பெருமையாக அடுக்குகிறார். முதலியார் கொஞ்சமும் அசையாமல், இவையெல்லாம் படித்து என்ன, சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்கிற மாதிரி கேட்கிறார். அந்த ஒரு கேள்வியில் ஒரு மனிதரின் ஆயுளே திசை மாறிவிட்டது. ஏழு வருடம் கழித்துச் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. இதில் ஒரு வரியை வெட்டச் சொன்னால் எனக்குக் கை வராது.

மெல்வில்லின் 'மோபி டிக்'கும் அப்படித்தான். கப்பல் கிளம்பிக் கதை சூடு பிடிக்கிற நேரத்தில், 32ஆம் அத்தியாயத்தில், திமிங்கிலங்களைப் புத்தகங்களைப் போல அளவு வாரியாகப் பிரித்து அடுக்க ஆரம்பித்துவிடுவார். போதாக்குறைக்குத் திமிங்கிலம் ஒரு மீன்தான் என்று சண்டைக்கு வேறு நிற்பார். சுருக்கப் பதிப்புகளில் முதலில் கத்தரி விழுவது அங்கேதான். எனக்கு அதுதான் பிடிக்கிறது. டால்ஸ்டாயிடம் மட்டும் எனக்கு அந்தப் பொறுமை வரவில்லை. 'போரும் அமைதியும்' முடிவில் வரலாறு பற்றி அவர் நடத்துகிற வகுப்பில் ஒவ்வொரு தடவையும் தூங்கிவிடுகிறேன். ஒரு பதிப்பில் அந்தச் சிந்தனைகளை அவரே கதையிலிருந்து பிரித்துப் பின்னிணைப்பில் தள்ளினார், அப்புறம் அவை பழைய இடத்துக்கே திரும்பிவிட்டன. பின்னிணைப்பிலேயே இருந்திருக்கலாம்.

உ.வே.சா.வுக்கும் மெல்வில்லுக்கும் ஒரு சட்டம், டால்ஸ்டாய்க்கு ஒரு சட்டமா என்று கேட்பாய். தெரிந்ததைச் சொல்வதில் அவர்கள் இரண்டு பேருக்கும் சந்தோஷம் இருக்கிறது, இவருக்கு நம்மைச் சம்மதிக்க வைக்கிற அவசரம் இருக்கிறது. இப்போதைக்கு எனக்குத் தோன்றுகிற பதில் இதுதான். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய்.

ஒன்று செய். அட்சக்கோட்டின் கடைசி அத்தியாயத்தை மட்டும் இன்னொரு முறை படி. படித்துவிட்டு, அதற்கடுத்து என்ன வந்திருக்க வேண்டும் என்று ஒரு பத்து வரி நீயே எழுதி அனுப்பு. நன்றாக இருந்தால் தோற்றேன் என்று எழுதித் தருகிறேன்.

இன்னொன்று, மறந்துவிட்டேனே. நான் திருப்பித் தரவில்லை என்று நீ எழுதியிருக்கிற அந்தச் சிறுகதைத் தொகுப்பு என்னிடம் இல்லை. அலமாரி முழுக்கத் தேடிவிட்டேன். தேடும்போது உன் பெயர் எழுதிய வேறு இரண்டு புத்தகம் கிடைத்தது, அவற்றை அனுப்புவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்