சதுப்புநிலப் படநூல்களைத் தொடங்கவிருக்கும் நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைப் பற்றிக் குழந்தைகளுக்காக நீங்கள் கொண்டுவரவிருக்கும் படநூல் வரிசையின் திட்டக்குறிப்பைப் படித்தேன். பறவைகள், குப்பைமேடு, சுருங்கிவரும் நீர்ப்பரப்பு எனச் சொல்லவேண்டிய அனைத்தும் அதில் இருக்கின்றன. ஆனால் நூல் எந்தத் தாளில் அச்சாகும், ஓவியருக்கு என்ன உரிமை என்ற இரண்டும் கடைசிப் பக்கத்தில் செலவுக் கணக்கோடு ஒதுங்கிவிட்டன. சூழலுக்கும் சமூகத்துக்கும் நன்மை செய்ய முனையும் பதிப்பகம் முதலில் முடிவுசெய்ய வேண்டியவை அவையே என்பது என் எண்ணம்.

இதற்குச் சென்னையிலேயே முன்னோடி இருக்கிறது. கீதா உல்ஃப் 1994இல் தொடங்கிய தாரா புக்ஸ், 2006இல் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' என்ற நூலை வெளியிட்டது. மரங்களைப் பற்றிய கோண்டுப் பழங்குடி மக்களின் நம்பிக்கைகளை மத்தியப் பிரதேசத்து ஓவியர்களான பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய மூவரும் அதில் வரைந்திருக்கிறார்கள். 2008இல் இத்தாலியின் போலோன்யா குழந்தைகள் புத்தகக் கண்காட்சியின் பரிசும் அதற்குக் கிடைத்தது. பருத்திக் கழிவிலிருந்து கையால் செய்த கறுப்புத் தாளில், ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித் திரைச்சட்டம் (ஸ்கிரீன்) வைத்து அச்சிட்டு, ஒரு வண்ணம் உலர்ந்த பிறகே அடுத்ததை ஏற்றி, கடைசியில் கையால் தைத்து, ஒவ்வொரு பிரதிக்கும் எண்ணிட்டு வெளிவந்த நூல் அது. மரத்தைப் போற்றும் ஒரு நூல் தன் தாளிலும் அந்த நேர்மையைக் காத்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோண்டு ஓவியர் ஒவ்வொருவரும் உருவங்களின் உட்பரப்பை நிரப்பும் புள்ளியும் கோடும் அவரவர்க்கே உரியவை; பழகிய கண்ணுக்கு அவை கையெழுத்தைப் போல ஆளைக் காட்டிக்கொடுக்கும். அவற்றைப் பெயரில்லாமல் 'பழங்குடி ஓவியம்' என்று அட்டையில் போட்டு விற்பது நம்மிடையே சாதாரணமாக நடக்கிறது, அதைச் செய்பவர்களில் நல்ல நோக்கம் கொண்டவர்களும் உண்டு. தாரா புக்ஸ் அந்த மூன்று ஓவியர்களையும் நூலாசிரியர்களாகவே அட்டையில் குறிப்பிட்டது.

அதே பதிப்பகம் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையை வங்காளத்துப் பட்டுவா ஓவியர்களான ஜொய்தேப், மொய்னா சித்ரகர் ஆகியோரின் படைப்பாகவும் வெளியிட்டது. படச்சுருளை விரித்தபடியே பாடிக் கதைசொல்வது பட்டுவா மரபு என்பதால், நூலும் விரித்துப் பார்க்கும் சுருளாகவே அமைந்தது. மரபை அலங்காரமாக வெட்டி ஒட்டாமல், அதன் வடிவத்துக்கு நூல் வளைந்துகொடுத்தது எனக்கு மிகவும் பிடித்த செய்கை.

இவ்வளவும் சொன்னதால் கைத்தாளில் நூல் செய்யுங்கள் என்று பொருளல்ல. அத்தகைய நூலின் விலை அரசுப் பள்ளிக் குழந்தையின் வீட்டை எட்டாது. உங்கள் வாசகரோ அந்தக் குழந்தைதான். ஆகவே வழக்கமான ஆஃப்செட் இயந்திரத்திலேயே அச்சிடுங்கள். பளபளக்கும் ஆர்ட் பேப்பருக்குப் பதிலாக மேற்பூச்சில்லாத மேப்லித்தோ தாளும், அட்டைக்கு லேமினேஷன் இல்லாத கெட்டித் தாளும் போதும். அட்டைமேல் ஒட்டும் அந்த மெல்லிய ஏடு பிளாஸ்டிக்தான்; அது ஒட்டிய அட்டை மறுசுழற்சிக்கு எளிதில் உதவாது. சதுப்புநிலத்தைக் குப்பை விழுங்குகிறது என்று எழுதிவிட்டு அப்படியோர் அட்டையைக் குழந்தையின் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது. அட்டை சீக்கிரம் கசங்கும் என்று கடைக்காரர்கள் முணுமுணுக்கக்கூடும்; கசங்கட்டும்.

ஒப்பந்தத்தில்தான் எனக்குக் கூடுதல் கவலை. ஓவியருக்கு ஒரே தொகையாகக் கொடுத்து எல்லா உரிமைகளையும் வாங்கிக்கொள்வதாகக் குறிப்பில் இருக்கிறது. முன்பணமும் விற்பனையில் உரிமைத்தொகையும் என்று மாற்றுங்கள். மூல ஓவியங்கள் அவரிடமே திரும்ப வேண்டும். நாட்காட்டி, பனியன், வேற்றுமொழிப் பதிப்பு ஆகியவற்றுக்கு அவருடைய ஒப்புதல் தனியாகத் தேவை என்று எழுதுங்கள். திருத்திய படிவத்தை அச்சகத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஓவியரிடம் காட்டி, அவர் மறுக்கும் பிரிவுகளைக் குறித்தனுப்புங்கள். அவற்றை நாம் சேர்ந்து பேசலாம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்